அந்தக் கல்தலைகளைச் செய்தது அந்த ஊர்க்காரர்கள்தான்

மெக்சிகோவின் பழங்காலக் கல்தலைகளைச் செய்தது ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லும் அந்த வீடியோவுக்குக் கீழே நேற்று நான் போட்ட ஒரே ஒரு கமெண்ட்டுக்கு யார் யார் என்னென்ன எழுதினார்கள் என்று பார்த்திருப்பீர்கள். ராத்திரி தூக்கம் வரவில்லை. அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மெக்சிகோவில் ஓல்மெக் என்ற பழங்கால மக்களின் அந்தப் பெரிய கல்தலைகளைச் செதுக்கியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர்கள் இல்லை, வேற்றுக்கிரகத்தார் இல்லவே இல்லை. அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்.

"மூக்கைப் பாருங்கள், உதட்டைப் பாருங்கள், ஆப்பிரிக்க முகம்" என்கிறீர்கள். 1869-ல் மெல்கார் என்பவர் ஒரே ஒரு தலையைப் பார்த்துவிட்டு எழுதியது இதைத்தான். இன்றைக்கு 17 தலைகள் கிடைத்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் முகம் வேறு, தலைக்கவசம் வேறு. அந்தச் சாயல் உள்ளவர்களை மெக்சிகோவின் வெராகுரூஸ், தபாஸ்கோ மாநிலங்கள் பக்கம் இன்றும் பார்க்கலாம்.

"இரும்பு கிடையாது, இழுக்க மாடு கிடையாது, அப்புறம் எப்படி?" நியாயமான கேள்வி. துஸ்த்லா மலைக் கல்லைச் சுமார் 60 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சான் லொரென்சோ என்ற ஓல்மெக் ஊருக்கு எப்படிக் கொண்டுவந்தார்கள் என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. ஆனால் யானோ தெல் ஹிகாரோ என்ற இடத்தில், பாதியில் விட்ட கற்களோடு அவர்களுடைய பட்டறையே கிடைத்திருக்கிறதே! சான் லொரென்சோவில் பழைய அரியணைக் கல்லையே திருப்பிச் செதுக்கித் தலையாக்கிய தடமும் இருக்கிறது. அவர்கள் செய்ததுதான். வேறு யாரும் இல்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டீர்கள். என் அப்பா கல்தச்சர். கருங்கல்லில் ஒரு விரல் நகம் வர நாள் முழுக்கத் தட்டுவார். மழுங்கிய உளியை உலையில் காய்ச்சி அடித்து மறுபடி உட்காருவார். சில்லு தெறித்து ஒரு கண் மங்கிவிட்டது. அவர் செய்த தூண் ஒரு கோயில் மண்டபத்தில் நிற்கிறது. அதில் இருப்பது உபயதாரர் பெயர் மட்டும். திருவிழா அன்று ஒருவர் அதைக் காட்டி, "கையால இப்படி வருமா? மெஷின் வேலை" என்றார். பக்கத்தில் அப்பா. ஒன்றும் பேசவில்லை. தூணை ஒரு தடவை தடவிவிட்டு நகர்ந்துவிட்டார்.

"ஆப்பிரிக்கர்களுக்குப் பெருமை சேர்க்கத்தானே சொன்னோம்" என்று ஒரு நண்பர். நைஜீரியாவின் நோக் சுடுமண் முகங்களும் இஃபே நகரத்தின் உலோக வார்ப்புத் தலைகளும் அவர்களுக்கு இருக்கின்றன. இன்னொருவர் கைவேலையை எடுத்துக் கொடுத்துத்தான் பெருமை சேர்க்க வேண்டுமா?

ஓல்மெக் என்ற பெயர்கூட அவர்கள் வைத்துக்கொண்டதில்லை. பிற்காலத்தில் மெக்சிகோவை ஆண்ட அஸ்தெக்குகள் அந்தப் பகுதி ஆட்களுக்குச் சொன்ன பெயர். சொந்தப் பெயர் போயே போய்விட்டது. மிச்சம் அந்தக் கல்தான். தயவுசெய்து அந்த வீடியோவை எடுத்துவிடுங்கள்.