செசானின் மேசையை நேராக்கியவர்களுக்கு

நேற்றிலிருந்து சுற்றிக்கொண்டிருக்கும் அந்த 'சரிசெய்த' படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பிரெஞ்சு ஓவியர் பால் செசானின் ஆப்பிள் கூடை ஓவியம். ஏதோ ஒரு செயலியில் மேசை விளிம்பை நேராக்கி, புட்டியை நிமிர்த்தி, "இப்போதுதான் ஒழுங்காக இருக்கிறது" என்று போட்டிருக்கிறார்கள். அதற்குப் பாராட்டு வேறு. மனசு ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அசல் ஓவியத்தில் இருக்கும் அந்தக் கோணல் பிழை கிடையாது. மேசையின் முன்விளிம்பு இடப்பக்கம் ஒரு மட்டத்தில் இருக்கிறது, வலப்பக்கம் வேறு மட்டத்தில் இருக்கிறது. இரண்டும் சேர வேண்டிய இடத்தில் என்ன இருக்கிறது? வெள்ளைத் துணி. மடிப்பு மடிப்பாகச் சரிந்து அந்த முறிவின் மேலேயே கிடக்கிறது. கை தவறினவர் இவ்வளவு பொருத்தமாகத் துணி போடமாட்டார்.

"அவருக்கு நேர்கோடு வரவில்லை" என்கிறீர்கள். அவர் மேசை அடுக்குவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் லூயி லெ பாய் என்ற இளம் ஓவியர். பழங்கள் வேண்டிய அளவு சாய்ந்து நிற்க, அடியில் காசுகளைச் செருகுவாராம். பச்சைக்கு எதிரே சிவப்பு, மஞ்சளுக்கு எதிரே நீலம் என்று மாற்றி மாற்றி வைப்பாராம். ஒரு காசின் தடிமனுக்குக் கவலைப்பட்டவருக்கு மேசை கோணலானது தெரியாதா? பெரும்பாலான படங்களில் கையெழுத்தே போடாதவர், சுமார் 1893இல் வரைந்த இதில் போட்டிருக்கிறார். பிழை என்று நினைத்திருந்தால் போடுவாரா?

"கேமரா பொய் சொல்லாதே?" கேமராவுக்கு ஒற்றைக் கண், ஒரே நொடி. நமக்கு இரண்டு கண், தலையும் அசைகிறது. ஓவியத்தில் தட்டில் அடுக்கிய பிஸ்கட்டுகளைப் பாருங்கள். கீழே இருப்பவை பக்கவாட்டில் தெரிகின்றன, மேலே இருப்பவை முகம் நிமிர்த்திக் காட்டுகின்றன. உட்கார்ந்து பார்த்ததும் எழுந்து பார்த்ததும் ஒரே அடுக்கில் இருக்கின்றன.

நம்பாவிட்டால் செய்து பாருங்கள். ஒரு கூடைக்கு அடியில் கட்டை வைத்து முன்னே சாய்த்து, பத்து ஆப்பிளைப் பரப்பி, மூன்றடி தள்ளி நின்று வரையுங்கள். போட்டோவைப் பார்த்து வரையாதீர்கள், அங்கேதான் எல்லாம் கெடுகிறது. நிழலுக்குக் கறுப்பு குழைக்காதீர்கள். கண்ணுக்கு அருகே வரும் மேட்டில் மஞ்சள், அடுத்து ஆரஞ்சு, அப்புறம் சிவப்பு, வளைந்து விலகும் ஓரத்தில் குளிர்ந்த பச்சையோ ஊதாவோ. ஒவ்வொன்றும் தனித்தனிப் பட்டையாக நிற்கட்டும். விரலால் தேய்த்துக் கலந்தால் பழம் பிளாஸ்டிக் பந்தாகிவிடும். துணிக்கும் வெறும் வெள்ளை உதவாது, மடிப்பின் பள்ளத்தில் நீலச் சாம்பல் இல்லாவிட்டால் சுண்ணாம்புச் சுவர் மாதிரி தட்டையாகக் கிடக்கும்.

"என் பிள்ளை இப்படி வரைந்தால் மார்க் போடுவீர்களா?" இந்தக் கேள்விதான் வலிக்கிறது. பிள்ளை பார்த்துப் பார்த்து வரைந்திருந்தால் கட்டாயம் போட வேண்டும். நாம்தான் ஸ்கேலைக் கையில் கொடுத்துப் பார்ப்பதையே நிறுத்திவிடுகிறோம்.

கூடை முன்னே சரிகிறது, நடுவில் புட்டி ஒருபக்கம் சாய்கிறது, அந்த முறிந்த மேசைதான் இரண்டையும் தாங்குகிறது. நேராக்கியதும் பழங்கள் மேசைமேல் ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி ஆகிவிட்டன. அசல் சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டில் இருக்கிறது, 65க்கு 80 செ.மீ. அவர்கள் தளத்தில் பெரிதாக்கி ஓர் ஆப்பிளின் ஓரத்தை மட்டும் பாருங்கள். கருநீலக் கோடு ஓரிடத்தில் விட்டுப்போகும், ஓரிடத்தில் இரண்டாகப் பிரியும். பழம் எங்கே முடிகிறது என்று அவர் திரும்பத் திரும்பத் தேடிய தடம் அது. உங்கள் செயலி அதையும் ஒரே கோடாக வழித்துவிட்டிருக்கிறது.