ஸ்ப்ளெண்டரை எல்லாம் யாராவது ரெஸ்டோர் பண்ணுவாங்களா?

போன வாரம் ஒரு தம்பி இன்பாக்ஸில் வந்தார். "அண்ணா, பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 ஒண்ணு வருது, 1.5 லட்சம் சொல்றாங்க, எடுத்து ரெஸ்டோர் பண்ணிக்கலாமா, இல்ல அந்தக் காசுக்குப் புதுசா ஏதாவது எடுத்துடலாமா?" என்று கேட்டார். நான் திருப்பி ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். உங்களுக்கு மெக்கானிக் யாரு? "யூடியூப்ல ஒருத்தரைப் பார்த்து வெச்சிருக்கேன்ணா" என்றார். சரி, அப்ப புதுசே எடுத்துக்கோங்க என்று சொல்லிவிட்டேன். அவருக்குக் கோபம். அவருக்கு எழுத ஆரம்பித்த பதில் நீண்டுவிட்டதால் இங்கேயே போடுகிறேன்.

முதலில் என் கதை. எங்கள் வீட்டில் 1998 மாடல் ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர் ஒன்று இருக்கிறது. அப்பா மில்லுக்கு ஷிப்ட் போய் வந்த வண்டி. நானும் தம்பியும் ஸ்கூல் போனது, அம்மா கல்யாணங்களுக்குப் போனது, ஒரு தடவை மூன்று மூட்டை அரிசி வந்தது, எல்லாம் அதில்தான். 2019இல் அப்பாவுக்கு முட்டி வலி வந்த பிறகு போர்டிகோவில் நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. அதை சரி பண்ணப் போகிறேன் என்று சொன்னபோது ஆபீஸில் சிரித்தார்கள். புல்லட்டை ரெஸ்டோர் பண்ணுவார்கள், யெஸ்டியைப் பண்ணுவார்கள், ஆர்எக்ஸைப் பண்ணுவார்கள், ஸ்ப்ளெண்டரை எல்லாம் யாராவது பண்ணுவாங்களா? அப்பாவே, "பேசாம எடைக்குப் போட்டுட்டு புதுசு எடுடா" என்றார்.

நான் கேட்கவில்லை. கேட்காததோடு பெரிய தப்பு ஒன்றும் செய்தேன். தெருமுனையில் இருபது வருஷமாக எங்கள் வண்டியைப் பார்த்த மெக்கானிக் அண்ணனை விட்டுவிட்டு, இன்ஸ்டாகிராமில் மின்னுகிற வண்டிகளாகப் போட்டுக்கொண்டிருந்த ஒரு ரெஸ்டோரேஷன் கடையில் கொண்டுபோய் விட்டேன். பெயர் வேண்டாம். அட்வான்ஸ் 15,000. "ரெண்டு மாசம் ப்ரோ" என்றார்கள். ஏழு மாதம் ஆனது. நான் கேட்கும்போதெல்லாம் டேங்க் போட்டோ மட்டும் வரும். டேங்க் பளபளவென்றுதான் இருந்தது, மறுக்கவில்லை. நேரில் போய்ப் பார்த்தபோது இன்ஜினை யாரும் தொட்டிருக்கவே இல்லை. சேஸிஸ் ஒரு மூலையில் மழையில் நனைந்துகொண்டிருந்தது. போல்ட், நட்டு, வாஷர் எல்லாம் ஒரு பெயிண்ட் பக்கெட்டில் ஒன்றாகக் கொட்டிக் கிடந்தது. ஒரு பக்க சைடு பாக்ஸைக் காணோம். சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது என்று டாடா ஏஸ் பிடித்து, மூட்டை கட்டித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பா வாசலில் நின்று அந்த பக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் வலித்தது.

அப்புறம்தான் வெட்கத்தோடு மெக்கானிக் அண்ணனிடம் போனேன். போர்டு இல்லாத கடை, ஒரு வேப்பமரம், ஒரு தகர ஷெட். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பக்கெட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, அப்பா வண்டியுங்களா இது?" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. அடுத்த நாள் சாயங்காலம் போனபோது இன்ஜினைப் பிரித்திருந்தார். பிளாக்கை, அதாவது பிஸ்டன் ஏறி இறங்குகிற சிலிண்டரை, கையில் எடுத்து உள்ளே கட்டைவிரல் நகத்தை மேலிருந்து கீழாக ஓட்டினார். ஒரு இடத்தில் நகம் தட்டியது. என் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்துக் காட்டினார், எனக்கும் தட்டியது. கோடு விழுந்திருக்கிறது, போர் போட்டே ஆகவேண்டும். அப்புறம் பிஸ்டன் தலையில் கெட்டியாகப் படிந்திருந்த கரியை பழைய பிளேடால் சுரண்டினார், சுரண்டச் சுரண்ட 0.25 என்று ஒரு எண் தெரிந்தது. "இது நான் போட்டதுங் தம்பி. நீங்க காலேஜ் சேர்ந்த வருசம்."

அந்த எண்ணுக்கு அர்த்தம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சிலிண்டர் தேய்ந்தால் அதை லேத்தில் கொடுத்துக் கொஞ்சம் அகலமாக்கி, அந்த அளவுக்குப் பெரிய பிஸ்டன் போடுவார்கள். இந்த அகலமாக்குகிற வேலைதான் போர் போடுவது. 0.25 மில்லிமீட்டர், 0.50, 0.75, 1.00 என்று படிப்படியாகத்தான் போக முடியும். அதற்கு மேல் போனால் உள்ளே ஸ்லீவ் என்கிற புது உலோகக் குழாய் அடிக்கணும், இல்லையென்றால் பிளாக்கையே மாற்றணும். ஆக ஒரு பழைய இன்ஜினுக்கு இன்னும் எத்தனை உயிர் பாக்கி இருக்கிறது என்பது பிஸ்டன் தலையில் எழுதியிருக்கிறது, ஆனால் பிரித்தால்தான் தெரியும். 1.5 லட்சம் கேட்கிற ஆர்எக்ஸ்காரர் இன்ஜினைப் பிரித்துக் காட்டுவாரா? கிக்கரை உதைத்து சத்தத்தைத்தான் கேட்கவைப்பார். நாமும் அந்தச் சத்தத்துக்கு மயங்கி காசை எடுத்து நீட்டுவோம்.

எங்களுடையதற்கு 0.50 பிஸ்டன் போட்டோம். கோவை கணபதியில் இருக்கிற லேத்காரர் பிஸ்டனைக் கையில் கொடுத்தால்தான் போர் போடுவேன் என்றார், அதுதான் சரியான ஆள் என்று அண்ணன் சொன்னார். பிஸ்டனை அளந்து, அதற்கேற்ற இடைவெளி விட்டுத்தான் கடைய வேண்டுமாம். வால்வு லேப் பண்ணி, டைமிங் செயின், கிளட்ச் பிளேட், ஆயில் சீல் எல்லாம் மாற்றி இன்ஜினுக்கு மட்டும் 9,500 ஆனது. கோன் செட், ஸ்விங் ஆர்ம் புஷ், செயின் ஸ்ப்ராக்கெட், இரண்டு டயர், வயரிங், சீட், விட்டுப்போன சைடு பாக்ஸ் எல்லாம் சேர்த்து இன்னொரு 17,000. அந்தக் கடைக்குத் தண்டமாகக் கொடுத்த 15,000ஐயும் சேர்த்தால் 41,500.

இப்ப எதிர்ப்பக்கம். என் தம்பி போன தீபாவளிக்குப் புது ஸ்ப்ளெண்டர் பிளஸ் எடுத்தான். 2025 செப்டம்பரில் 350 சிசி வரைக்குமான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28இல் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது இல்லையா, அந்த வேகத்தில் எடுத்தது. ஆன்ரோடு 90,000 சொச்சம். வேடிக்கை என்னவென்றால் அதுவும் அதே 97.2 சிசி. 1994இல் முதல் ஸ்ப்ளெண்டர் வந்தபோது இருந்த அதே 50 மில்லிமீட்டர் போர், அதாவது சிலிண்டரின் உள் அகலம். முப்பது வருஷமாக அந்த அளவு மாறவில்லை. நாலு கியரும் முன்னால் மிதிப்பதுதான், அதுவும் மாறவில்லை. அதனால் எங்கள் வீட்டு போர்டிகோவில் இப்போது இந்த விவாதமே இரண்டு வண்டியாக நிற்கிறது.

நேர்மையாகச் சொன்னால் தம்பி வண்டி நல்ல வண்டி. மார்கழி காலையில் பட்டனைத் தொட்டால் போதும். என்னுடையதற்கு சோக் இழுத்து, உதைத்து, ஒரு நிமிஷம் காத்திருந்து, அப்புறம் சோக்கைப் பாதி தள்ளி, அது ஒரு சடங்கு. டியூப்லெஸ் டயர் என்பதால் ஆணி ஏறினாலும் ஓட்டிக்கொண்டே பஞ்சர் கடைக்குப் போய்விடலாம். முக்கியமாக பிரேக். அவனுடையதில் பின் பிரேக்கை மிதித்தால் முன்னாலும் சேர்ந்து பிடிக்கும். 2019இல் இருந்து 125 சிசி வரைக்கும் புதிதாக வருகிற வண்டிகளில் அது கட்டாயம், அதற்கு மேல், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிடிக்கிற ஏபிஎஸ். என்னுடையது அந்தக் காலத்துச் சின்ன டிரம். திருச்சி ரோட்டில் டவுன் பஸ் திடீரென்று ஸ்டாப்பில் நின்றால் நான் மனசுக்குள் ஒரு சாமி கும்பிட்டுத்தான் பிடிக்கிறேன். பெண்ணை ஸ்கூலில் விட நான் தம்பி வண்டியைத்தான் கேட்டு வாங்கிப் போகிறேன். பழைய வண்டி மேல் எவ்வளவு ஆசை இருந்தாலும் இதை மறைத்துப் பேசக்கூடாது. "அந்தக் காலத்து இரும்புங்க" என்று சொல்கிறவர்கள் யாரும் அந்தக் காலத்து பிரேக்கைப் பற்றிப் பேசுவதில்லை.

பெட்ரோலும் மாறிவிட்டது. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் தண்ணியை இழுக்கும். தினமும் ஓட்டினால் பெரிதாகத் தெரியாது, மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் டேங்க் அடியில் துரு, கார்பரேட்டரில் பிசுக்கு, பழைய ரப்பர் ஓரிங் ஊதிப்போவது என்று ஒவ்வொன்றாக வரும். ரெஸ்டோர் பண்ணி, கவர் போட்டு மூடி, ஆயுதபூஜைக்கு மட்டும் வெளியே எடுப்பவர்கள் இதை யோசிக்கவும். நான் பெட்ரோல் குழாயையும் கார்பரேட்டர் ரப்பர்களையும் மொத்தமாக மாற்றிவிட்டேன், வாரத்துக்கு மூன்று நாளாவது ஓட்டுகிறேன்.

ஆர்டிஓ சமாச்சாரம் இன்னும் கொடுமை. 15 வருஷம் முடிந்தால் ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும், அப்புறம் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை. எங்களுடையது 2013, 2018 என்று அப்பா ஒழுங்காகச் செய்திருந்தார், 2023இல் நான் கோட்டைவிட்டேன். 2022 ஏப்ரலில் இருந்து டூவீலருக்குப் புதுப்பிப்புக் கட்டணமே 1,000 ரூபாய், தாமதமானால் மாதத்துக்கு 300 தண்டம். எட்டு மாதம் தாமதம், 2,400. 2025இல் 20 வருஷம் தாண்டிய டூவீலர்களுக்கு அந்தக் கட்டணத்தை 2,000 ஆக்கிவிட்டார்கள். இதோடு பசுமை வரி, இன்ஷூரன்ஸ், புகைச் சான்று. வண்டி ஆசையில் இருப்பவர்கள் முதலில் ஆர்சி புக்கைத்தான் பார்க்க வேண்டும். சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் அதில் உள்ளபடி இல்லையென்றால் அந்த இடத்திலேயே திரும்பி வந்துவிடுங்கள். ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு 1996இலேயே நின்றுபோனது, ஆகக் கடைசியாக வந்த வண்டிக்கே வயது முப்பது. எத்தனை கை மாறியிருக்கும், எந்த வண்டியின் இன்ஜின் எந்த வண்டியில் உட்கார்ந்திருக்கும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு நீ ஏன் பண்ணினாய் என்று கேட்பீர்கள். எனக்கு அண்ணன் இருந்தார், அதனால் பண்ணினேன். அதுதான் விஷயம். புது வண்டிக்குப் பின்னால் ஒரு கம்பெனி இருக்கிறது, வாரண்டி இருக்கிறது, எந்த ஊரில் நின்றாலும் ஒரு ஷோரூம் இருக்கிறது. பழைய வண்டிக்குப் பின்னால் ஒரே ஒரு ஆள்தான் இருப்பார். சத்தத்தைக் கேட்டு "டைமிங் செயின்" என்று சொல்கிற ஆள், 2,000 ரூபாய் பாகம் வேண்டாம், 40 ரூபாய் வாஷர் போதும் என்று சொல்கிற ஆள். அப்படி ஒருவர் உங்களுக்கு இருந்து, வண்டியும் உங்கள் வீட்டு வண்டியாக இருந்தால் தாராளமாகப் பண்ணுங்கள். இன்ஜினை முதலில் பாருங்கள், பெயிண்ட்டைக் கடைசியில் பாருங்கள். பெயிண்ட்டில் ஆரம்பிக்கிற கடையில் வண்டியை விடவே விடாதீர்கள். ஆள் இல்லையென்றால் இஎம்ஐ போட்டுப் புதுசு வாங்கி நிம்மதியாக ஓட்டுங்கள், அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. ஊரான் வீட்டுப் பழைய வண்டியை லட்சம் கொடுத்து வாங்கி, தெரியாத கடையில் விட்டு, ஏழு மாதம் போன் போட்டுக்கொண்டிருப்பதற்குப் பேர் ஆர்வம் இல்லை, வினையை விலைக்கு வாங்குவது.

எனக்கும் ஒரு கவலை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அண்ணனின் பையன் சாப்பாடு டெலிவரி ஓட்டுகிறான், கையில் கிரீஸ் படுகிற வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டான். கடையில் இருந்த இரண்டு பையன்களும் போய்விட்டார்கள். "இன்னும் ரெண்டு வருசமுங் தம்பி, அப்புறம் கண்ணு ஒத்துழைக்காது" என்கிறார். 0.75 பிஸ்டன் போடும் காலம் வரும்போது அவர் இருப்பாரா என்று தெரியவில்லை.

அதனால் இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கடைக்குப் போகிறேன். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு அவர் சொல்வார், நான் செய்வேன். போன வாரம் டாப்பெட் செட் பண்ண, அதாவது வால்வுக்கு விடுகிற சின்ன இடைவெளியைச் சரியாக வைக்க, கற்றுக்கொடுத்தார். அந்த இடைவெளியை அளக்கிற மெல்லிய தகடு, ஃபீலர் கேஜ் வைத்து, லாக் நட்டைப் பிடித்துக்கொண்டு ஸ்க்ரூவைத் திருப்பி, மூடியை மாட்டி, ஸ்டார்ட் பண்ணி, பெருமையாக நிமிர்ந்து பார்த்தேன். அவர் டீ குடித்துக்கொண்டே தலையைச் சாய்த்து ஒரு நொடி கேட்டார். "இறுகிப்போச்சுங் தம்பி. வண்டி ஆறட்டும், மறுபடி கழட்டுங்க."