கற்றுக்கொள்ளும் மாதங்களுக்கு யார் காசு கொடுப்பது?

சமூக நிறுவனம் (சமூக நோக்கத்தோடு நடத்தும் வணிகம்) என்று சொன்னாலே சிங்கப்பூரில் நம் ஆட்களுக்கு நன்கொடை ஞாபகம்தான் வருகிறது. "பாவம், ஏதாவது கொடுத்துட்டு வரலாம்" என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அவர்கள் காபி விற்கிறார்கள், சோறு விற்கிறார்கள், வாடகை கட்டுகிறார்கள், சம்பளம் கொடுக்கிறார்கள். மற்ற கடைக்காரர்கள் "இந்த ஆள் சரிப்பட்டு வரமாட்டார்" என்று அனுப்பிவிடுகிற ஆளை இவர்கள் கூட வைத்துக்கொண்டு பழக்குகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் பழக்குவதற்கு மாதக்கணக்கில் ஆகும். அந்த மாதங்களுக்கான காசு எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

வேலைத்திறன் என்றால் வெங்காயம் நறுக்குவதும் காபி கலப்பதும் என்று நினைக்கிறோம். அதைச் சில வாரங்களில் கற்றுக்கொடுத்துவிடலாம். சிறையிலிருந்து வந்த ஒருவருக்குக் கஷ்டமே வேறு இடத்தில் இருக்கிறது. உள்ளே இருந்த வருடங்களில் எப்போது எழுவது, எப்போது சாப்பிடுவது எல்லாம் அடுத்தவர் முடிவு. வெளியே வந்த மறுநாளே எல்லாம் அவர் தலையில். போதைப்பொருள் கண்காணிப்பில் இருந்தால் குறித்த நாளில் சிறுநீர்ப் பரிசோதனைக்கும் போயே ஆக வேண்டும். விவரம் தெரியாத முதலாளிக்கு அவர் அடிக்கடி பர்மிஷன் கேட்கும் ஆளாகத் தெரிவார். விவரம் தெரிந்தவர் ரோஸ்டர் போடும்போதே அந்த நாளை ஒதுக்கிவிடுவார்.

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் இப்படித்தான் ஒரு சமூக நிறுவனத்தின் சமையலறையில் சேர்ந்தார். சேர்ந்த புதிதில் ஒருநாள் தூங்கிவிட்டார். வெட்கத்தில் போனை அணைத்துவிட்டு அந்த வாரம் முழுக்க அந்தப் பக்கமே போகவில்லை. இதற்கு முன் வேலை பார்த்த சாப்பாட்டுக்கடையிலும் இதுவே நடந்தது, அங்கே அத்தோடு கணக்கு முடிந்தது. இங்கே சூப்பர்வைசர் அம்மா தம்பியின் வீட்டுக்கே ஆள் அனுப்பினார். தம்பி திரும்பி வந்ததும் அந்த அம்மா சொன்னது இவ்வளவுதான்: "லேட்டானாலும் வா. வர முடியலன்னா ஒரு மெசேஜ் போடு." அந்தத் தம்பி என்னிடம், "அண்ணே, தப்பு பண்ணினா ஓடிடணும்னுதான் எனக்குத் தெரியும். திரும்பி வரலாம்னு யாரும் சொன்னதே இல்ல" என்றார். எந்தப் பயிற்சி வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுப்பார்கள்?

எய்ட்டீன் ஷெஃப்ஸ் உணவகத்தை 2007ல் தொடங்கிய பென்னி சே தியோ தாமே போதைப் பழக்கத்தையும் சிறையையும் பார்த்து வந்தவர். முன்னாள் கைதிகளையும் வழிதவறிய இளையர்களையும் அவர் வேலைக்கு எடுத்தபோது, எந்த இடத்தில் ஒருவர் வழுக்குவார் என்பது அவருக்குச் சொல்லாமலே தெரியும். அகாபே கனெக்டிங் பீப்பிள் என்ற அழைப்பு மையம் சாங்கியில் பெண்கள் சிறைக்குள்ளேயே வேலை நடத்தியது. விடுதலை ஆகும்போது ஒரு தொழிலும் கூடவே வெளியே வருகிறது. சிங்கப்பூரில் விடுதலையான ஈராண்டுக்குள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மறுபடி உள்ளே போகிறார். அதனால் வெளியே வந்த அந்த முதல் மாதங்கள் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகின்றன.

உடற்குறையுள்ளோர் விஷயத்தில் ஆளை மாற்றுவதைவிட வேலையை மாற்றியமைப்பதுதான் பெரிய பாடம். 2010ல் கோ செங் சூன் ஆரம்பித்த டிக்னிட்டி கிச்சனுக்குப் போய்ப் பாருங்கள். உணவங்காடித் தொழிலை உடற்குறையுள்ளோருக்கும் நலிந்தோருக்கும் கற்றுக்கொடுக்கிற இடம் அது. காது கேளாதவர் நடத்தும் கடையில், எந்தச் சாப்பாட்டுக்கு எந்தச் சைகை என்று படம் போட்டு வைத்திருக்கிறார்கள். நாம் அதைப் பார்த்துக் கையால் சொல்ல வேண்டும். முதலில் கூச்சமாகத்தான் இருக்கும். பின்னால் வரிசை வேறு நிற்கும். ஆனால் அங்கே புதிதாகக் கற்றுக்கொள்பவர் நாம்தான், கடைக்காரருக்குத் தன் வேலை நன்றாகவே தெரியும். நம் அலுவலகங்களில் எத்தனை வேலைகளை இப்படி ஒரு படம் ஒட்டித் திறந்துவிட முடியும் என்று அன்றைக்கெல்லாம் யோசித்துக்கொண்டே இருந்தேன்.

தாய்மார்களின் கதை வேறு. குழந்தைப் பராமரிப்பு நிலையம் மாலை ஏழு மணிக்கு மூடிவிடும், கடை வேலை இரவு பத்து வரை. வருமானம் குறைந்த குடும்பத்துப் பெண்ணுக்கு எத்தனை சான்றிதழ் கொடுத்தாலும் இந்த மூன்று மணி நேரத்துக்கு வழி சொல்லாவிட்டால் வேலை நிலைக்காது. டாட்டர்ஸ் ஆஃப் டுமாரோ அறநிறுவனம் பயிற்சியோடு பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டையும் சேர்த்தே யோசித்தது சரியான வழி.

சரி, காசு. அரசாங்கம் கொடுக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். மாதம் 4,000 வெள்ளிக்குக் குறைவாகச் சம்பாதிக்கும் உடற்குறையுள்ளோரை வேலைக்கு வைத்தால் சம்பளத்தில் 20 விழுக்காடு வரை, மாதம் 400 வெள்ளி உச்சவரம்போடு, முதலாளிக்கு உதவித்தொகை உண்டு. 2030க்குள் வேலை செய்யும் வயதில் உள்ள உடற்குறையுள்ளோரில் 40 விழுக்காட்டினர் வேலையில் இருக்க வேண்டும் என்று இலக்கும் வைத்திருக்கிறார்கள். ஆனால் மானியம் சம்பளத்தில் ஒரு பங்கைத்தான் தாங்கும். ஒருவர் செய்யும் வேலையை இருவர் மெதுவாகச் செய்யும் அந்த மாதங்களைத் தாங்குவது விற்பனைதான். அதாவது வாடிக்கையாளர். அதாவது நாம்.

இங்கேதான் எனக்கு நம் சமூகத்தின் மேல் ஆதங்கம். அன்னதானத்துக்கு அள்ளிக் கொடுக்கிறோம், அதில் எனக்குப் பெருமைதான். கல்யாணம், காதுகுத்து, தீபாவளி ஒன்றுகூடல் என்று வருடம் முழுக்க ஆர்டர் கொடுக்கிற சமூகம் நம்முடையது. அதில் ஒரு சின்னப் பங்கு இந்தச் சமையலறைகளுக்குப் போகிறதா? அப்புறம், நம் உணவகங்களில் ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பாத முதலாளி இல்லை. அவர்களில் எத்தனை பேர் பயிற்சி முடித்த ஒருவரைக் கூப்பிட்டு ஒரு வாரம் வைத்துப் பார்த்திருக்கிறார்கள்?

சமூக நிறுவனம் என்று பெயர் வைத்துக்கொண்டால் மட்டும் எல்லாரும் நல்லவர்கள் ஆகிவிடமாட்டார்கள். படம் எடுத்துப் போடுவதில் காட்டும் அக்கறையைச் சம்பளத்தில் காட்டாதவர்களும் இருக்கலாம். நான் எப்போதும் ஒரு கேள்வி கேட்பேன்: போன வருடம் உங்களிடம் பழகியவர்கள் இப்போது எங்கே? வேறு இடத்தில், சாதாரணச் சம்பளத்தில், சாதாரண வேலையில் இருக்கிறார்கள் என்றால் எனக்கு அது போதும். சிலருக்கு அந்த இடமே நிரந்தர வேலையாக இருக்க வேண்டியிருக்கும், அதுவும் நியாயம்தான். பதிலே வரவில்லை என்றால் வேறு இடம் பார்ப்பேன்.

அடுத்த விசேஷத்துக்கு, ரெய்ஸ் அமைப்பின் இணையத்தளத்தில் உள்ள பட்டியலைப் பாருங்கள். 2015லிருந்து சமூக நிறுவனங்களுக்குத் துணைநிற்கும் அமைப்பு அது. முழு விருந்தையும் ஒப்படைக்கத் தயக்கமாக இருந்தால் காபியோ, பலகாரமோ, விருந்தினர் கையில் கொடுத்தனுப்பும் டோர் கிஃப்டோ சொல்லிப் பாருங்கள். சைவம் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வாரம் அவகாசம் கொடுங்கள். சாப்பாடு நன்றாக இல்லை என்றால் அதையும் அவர்களிடம் நேராகச் சொல்லுங்கள், மற்ற கேட்டரிங்காரரிடம் சொல்வதுபோலவே. நன்றாக இருந்தால் அடுத்த ஆர்டரையும் அங்கேயே கொடுங்கள்.