206 பெயர்களோடு முடிகிற பாடமா அது?

"கம்யூனிட்டி காலேஜ் அனாட்டமிதானே, 206 எலும்புப் பேரை மனப்பாடம் பண்ணினா ஏ கிரேடு" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அனாட்டமி என்ற உடற்கூறியல் பாடத்தில் புதிதாகச் சேர்பவர்கள் இதை நம்பிவிட வேண்டாம்.

206 என்பது வளர்ந்தவர் உடலில் உள்ள எலும்புகளின் எண்ணிக்கை. பெயர்கள் அவ்வளவு இல்லை. பெரும்பாலானவை இடது, வலது என்று ஜோடியாக வருபவை. அந்த வகையில் அவர் சொல்வதைவிட வேலை குறைவுதான்!

கஷ்டம் லேப் தேர்வில். ஸ்காபுலா என்ற தோள்பட்டை எலும்பைக் காட்டி "இது என்ன எலும்பு" என்று மட்டும் கேட்டு விட்டுவிட மாட்டார்கள். வலதா இடதா, குறி ஒட்டிய இந்த முனை எது, அதில் எந்தத் தசை பற்றியிருக்கிறது என்று போகும். ஸ்காபுலாவின் கோரக்காய்டு முனை என்றால், அதில் பற்றியிருக்கும் பைசெப்ஸ் தசையின் குட்டைத் தலை, பெக்டோராலிஸ் மைனர் தசை, கோரக்கோபிரேக்கியாலிஸ் தசை மூன்றும் நினைவுக்கு வரவேண்டும். ஸ்காபுலாவின் ஸ்பைன் என்ற மேடு பின்பக்கம், கை எலும்பு பொருந்தும் க்ளீனாய்டு குழி வெளிப்பக்கம் என்று தெரிந்திருந்தும், வலது இடதில் நானே கோட்டை விட்டிருக்கிறேன்.

எலும்பு முடிந்ததும் தசை, நரம்பு, ரத்தக்குழாய், மைக்ராஸ்கோப்பில் திசு ஸ்லைடுகள். படத்தில் பார்த்துப் படித்தது, லேபில் வைக்கும் மாதிரிப் பொருளில் வேறாகத் தெரியும். நர்சிங் போகிறவர்களுக்குப் பல இடங்களில் இது முன்தேவைப் பாடம், குறைந்தபட்ச கிரேடும் கேட்பார்கள். முதல் வாரத்திலிருந்தே லேபில் எலும்பைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள்.