'யுவர் வார்டு இஸ் ஆப்சென்ட் டுடே' – சரி, அப்புறம்?

பிள்ளையை இன்ஜினியரிங் காலேஜில் சேர்த்த வீடுகளுக்கு, 'உங்கள் பிள்ளை இன்று வரவில்லை' என்று சொல்லும் இந்த மெசேஜ் பழக்கம். அப்பா லாரியில் இருப்பார், அம்மா நூறு நாள் வேலையில் இருப்பார். ஆங்கிலத்தில் வந்ததை யாராவது படித்துச் சொல்ல வேண்டும். பல வீடுகளில் அந்த 'யாராவது' அதே பிள்ளைதான். "ஒண்ணுமில்லம்மா, காலேஜ் விளம்பரம்" என்றால் விஷயம் முடிந்தது.

கல்லூரிகள் எதையுமே சொல்வதில்லை என்று குறை சொல்ல முடியாது. ஆப்சென்ட் மெசேஜ், ஃபீஸ் கெடு, பஸ் ஃபீஸ், பிளேஸ்மென்ட் பெருமை, பொங்கல் வாழ்த்து என்று வந்துகொண்டேதான் இருக்கிறது. இத்தனைக்கும் நடுவில், பிள்ளைக்கு ஆறு அரியர் இருப்பது ஃபைனல் இயரில் கம்பெனி வரும்போதுதான் வீட்டுக்குத் தெரிகிறது. என் கட்சி இது: எதைச் சொன்னால் வீட்டில் இன்னும் ஏதாவது செய்ய முடியுமோ அதை அந்த நேரத்தில் சொல்ல வேண்டும். மற்றதைச் சொல்லவே கூடாது. இந்த இரண்டாவது பாதிக்குச் சிலருக்குக் கோபம் வரும். கீழே வருகிறேன்.

முதலில் மொழி. ஏன் ஆங்கிலத்திலேயே அனுப்புகிறார்கள் என்றால், காசு. ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் ஆங்கில எழுத்து 160 அடங்கும், தமிழில் 70 இடம்தான். அதிலும் 'கா' என்பது இரண்டு இடம், 'க்' இரண்டு இடம். நீட்டி எழுதினால் ஒரு மெசேஜ் மூன்றாகி, மூன்று மெசேஜுக்குப் பணம் போகும். ஆனால் சுருக்கி எழுதத் தெரிந்தால் பிரச்சினையே இல்லை. "கவிதா இன்று வகுப்புக்கு வரவில்லை." என்பது 33 இடம். அதன் பின்னால் "ஆலோசகர்:" என்று போட்டு, வகுப்பைக் கவனிக்கும் அந்த ஆசிரியரின் பத்து இலக்க மொபைல் எண்ணையும் சேர்த்தால் 53. மீதி 17 இடத்தில் கல்லூரிப் பெயரின் சுருக்கம் உட்கார்ந்துவிடும். ஒரே மெசேஜ், ஒரே விலை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி இந்த வாசகங்களை முன்கூட்டியே பதிவு செய்து ஒப்புதல் வாங்க வேண்டும். பெயர், தேதி வரும் இடங்கள் மட்டுமே மாறும். அதனால்தான் ஒருமுறை ஆங்கிலத்தில் பதிந்ததை யாரும் மாற்றுவதில்லை. மாற்றுவது ஒரே ஒரு தடவை செய்ய வேண்டிய வேலை.

முக்கியமானது, மெசேஜில் ஒரு ஆளின் எண் இருக்க வேண்டும். திருப்பிக் கூப்பிட முடியாத இடத்திலிருந்து வரும் தகவல் பயத்தை மட்டும்தான் கொடுக்கும்.

அடுத்து வருகைப்பதிவு. இதில்தான் கணக்கு தெரியாமல் அதிகம் ஏமாறுகிறோம். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் செமஸ்டர் எழுத 75% வேண்டும். 65-க்கும் 75-க்கும் நடுவில் இருந்தால் மருத்துவச் சான்று, விளையாட்டு மாதிரி காரணங்களுக்கு விலக்கு கேட்கலாம். 65-க்குக் கீழே போனால் பரீட்சை கிடையாது. அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும், அதுவும் அடுத்த வருடம் அந்த செமஸ்டர் வரும்போதுதான். தன்னாட்சிக் கல்லூரிகளில் விதி கொஞ்சம் மாறும், அவர்களின் ரெகுலேஷனை, அதாவது விதிப் புத்தகத்தைப் பாருங்கள்.

இப்போது கணக்கு. செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்துக்கொள்வோம். 22 நாள் வராமல் இருக்கலாம், 23 ஆனால் கோடு தாண்டியாச்சு. ஒரு பையன் 20 நாள் முடிந்தபோது 8 நாள் வரவில்லை, காய்ச்சல். 60% என்று மெசேஜ் போகிறது. வீட்டில் ரகளை, போனில் அழுகை. உண்மையில் அவன் கையில் இன்னும் 14 நாள் மிச்சம் இருக்கிறது, பதற ஒன்றுமே இல்லை. இன்னொருவன் 60 நாள் முடிந்தபோது 20 நாள் வரவில்லை. 67%. முதல் பையனைவிட எண் பெரிசு. "இன்னும் ஒரு மாசம் இருக்கே, ஏத்திக்குவான்" என்று அப்பா விட்டுவிடுகிறார். இவனுக்கு மிச்சம் இரண்டே நாள். அக்கா கல்யாணம் ஒன்று வந்தால் போச்சு.

சதவீதம் நடந்து முடிந்ததைச் சொல்கிறது. வீட்டுக்கு வேண்டியது மிச்சம் எவ்வளவு என்பது. வேலை நாளில் கால் பங்கு, அதிலிருந்து இதுவரை வராத நாளைக் கழித்தால் விடை வந்துவிடும். வருகையைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் எந்தக் கல்லூரியிலும் இதற்கு ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டால் போதும். மாதம் ஒருமுறை "மிச்சம் 14 நாள்" என்று ஒரு மெசேஜ், ஐந்துக்குக் கீழே இறங்கினால் வாராவாரம். பீரியட் கணக்கு பார்க்கும் இடங்களில் முதல் பீரியடுக்கு லேட்டாக வருவதும் சேர்ந்துகொண்டே போகும். "தினமும்தான் போறேன், எப்படிக் குறைஞ்சது" என்று பிள்ளை சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை.

ஆப்சென்ட் மெசேஜ் காலை முதல் பீரியட் முடிந்ததுமே தானாகப் போகிற மாதிரி வைத்திருப்பார்கள். கெடுதல் அங்கேதான். ஓ.டி. (ஆன் டியூட்டி அனுமதி) வாங்கிக்கொண்டு வேறு கல்லூரி சிம்போசியத்துக்குப் போனவன், லேபில் இருந்தவள், பஸ் பஞ்சராகி வழியில் நின்றவன், எல்லோர் வீட்டுக்கும் 'வரவில்லை' என்று போய்விடும். ஓ.டி. கடிதம் கையெழுத்தாகி கம்ப்யூட்டரில் ஏற மூன்று நாள் ஆகும். நாலு தடவை பொய்த் தகவல் போனால், ஐந்தாவது தடவை உண்மையாகவே பிள்ளை வராதபோதும் வீட்டில் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆலோசகர் முதலில் மாணவரைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு, மதியத்துக்குள் அனுப்பினால் போதும். ஹாஸ்டல் பிள்ளை என்றால் மட்டும் காலையிலேயே வார்டன் அறையைப் போய்ப் பார்க்க வேண்டும், மெசேஜை நம்பி உட்காரக் கூடாது.

மார்க்கில் இதைவிடக் குழப்பம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் தியரி பாடத்துக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. தேர்வை நூறுக்கு எழுதி அறுபதுக்குக் குறைப்பார்கள். மொத்தத்தில் 50 வேண்டும், அதோடு தேர்வில் மட்டும் தனியாக 45% வேண்டும். ஒரு பெண் இன்டர்னலில் 38 வாங்கித் தேர்வில் நூறுக்கு 40 எடுத்தால் கூட்டுத்தொகை 62. ஆனாலும் அரியர். "இன்டர்னல் நல்லா வாங்கியிருந்தாளே, எப்படி ஃபெயில்?" என்று அப்பா கேட்பது நியாயம்தான். யாரும் அவருக்கு இந்த 45-ஐச் சொன்னதில்லை. இன்டர்னல் மார்க் வீட்டுக்கு வரும்போதே "தேர்வில் குறைந்தது 45 எடுக்க வேண்டும்" என்ற வரியும் கூடவே வர வேண்டும்.

ரிசல்ட் வந்தபின் நடப்பது இன்னும் மோசம். விடைத்தாள் நகல் கேட்க, மறுமதிப்பீட்டுக்குப் போட, சில நாட்கள்தான் கெடு. பிள்ளை வீட்டில் சொல்ல பயந்து, இரண்டு வாரம் கழித்துச் சொல்லும்போது கெடு முடிந்திருக்கும். கல்லூரி அனுப்ப வேண்டியது 'உங்கள் மகன் ஃபெயில்' என்பதல்ல. "ரிசல்ட் வந்துவிட்டது. விடைத்தாள் நகல் கேட்கக் கடைசி நாள் இது" என்று பாஸ், ஃபெயில் எல்லோர் வீட்டுக்கும் ஒரே மெசேஜ். யாரையும் காட்டிக்கொடுத்ததும் ஆகாது, பேச்சும் தானாக ஆரம்பிக்கும்.

இதெல்லாம் சரியான எண்ணுக்குப் போனால்தான். அட்மிஷன் ஃபாரத்தில் இருக்கும் 'தந்தை எண்' பல சமயம் பிரவுசிங் சென்டர்காரர் எண், மாமா எண், அல்லது பிள்ளையின் இரண்டாவது சிம். ஹாஸ்டலை விட்டு வெளியே போகும் அனுமதிக்காக (அவுட்பாஸ்) வார்டன் கூப்பிடும்போது அப்பா குரலில் நண்பன் பேசும் வித்தை ஹாஸ்டல்கள் இருக்கும்வரை இருக்கும். வளைகுடாவில் வேலை பார்க்கும் அப்பாவின் இந்திய சிம் அலமாரியில் தூங்கும். ரீசார்ஜ் முடிந்த எண்ணுக்குச் சில நாளில் எதுவும் வராது. சேர்க்கை அன்று பெற்றோர் எதிரிலேயே ஓ.டி.பி. அனுப்பிச் சரிபார்க்க வேண்டும், அம்மா எண்ணைக் கட்டாயம் வாங்க வேண்டும், ஒவ்வொரு செமஸ்டர் தொடக்கத்திலும் திரும்பச் சரிபார்க்க வேண்டும்.

வாட்ஸ்அப் குரூப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு: அறுபது பேரின் எண்ணும் அறுபது பேருக்கும் தெரியும். பெண்பிள்ளைகளின் அம்மாக்கள் எண் உட்பட. யாராவது ஒருவர் மொத்த வகுப்பு மார்க் பட்டியலையும் போடுவார். ராத்திரி பதினொரு மணிக்கு 'ஹாஸ்டல் சாப்பாட்டில் பல்லியாம்' என்று ஒரு ஃபார்வர்டு வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும் பிராட்காஸ்ட் லிஸ்ட் இதைவிட நல்லது, ஆனால் அனுப்புகிறவரின் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். பாதிப் பேருக்கு வரவில்லை என்று புகார் வருவது இதனால்தான். சேர்க்கை நாளிலேயே அந்த எண்ணைப் பெற்றோர் போனில் சேமிக்க வைத்துவிடுங்கள்.

ராகிங்கைப் பற்றி முதலாண்டுப் பெற்றோருக்கு மட்டும் சொன்னால் போதும் என்று நினைக்கிறோம். 1996 நவம்பரில் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகு, 1997-இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூ.ஜி.சி.) விதிமுறை வந்தது. அந்த விதிமுறையில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. முதலாண்டு முடிக்கும் மாணவர்களின் பெற்றோருக்கு, அதாவது நாளைய சீனியர்களின் பெற்றோருக்கு, கல்லூரித் தலைவர் கடிதம் எழுத வேண்டும்: திரும்பி வரும்போது உங்கள் பிள்ளை யாரையும் ராகிங் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. உங்களுக்கு அந்தக் கடிதம் வந்ததா? வரவில்லையென்றால் கேளுங்கள். உதவி எண் 1800-180-5522, இருபத்து நாலு மணி நேரமும்.

பேரன்ட்ஸ் மீட்டிங் பற்றி ஒரு வரி: வேலை நாளில் வைத்தால் தினக்கூலிக்காரருக்கு ஒரு நாள் சம்பளம் போகும், ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். இன்னொரு வரி: மற்ற பெற்றோர் எதிரில் மார்க்கைப் படிக்காதீர்கள்.

இனி, சொல்லக் கூடாதது. "உங்க பொண்ணு ஒரு பையனோட கேன்டீன்ல உக்காந்திருந்தா, பாத்துக்குங்க" என்று வீட்டுக்குப் போன் போடும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அந்த ஒரு போனில் அவள் படிப்பு நிற்கலாம், அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம் முடியலாம். 2016-இல் உடுமலைப்பேட்டையில் சாதி மாறிக் கல்யாணம் செய்ததற்காக வெட்டிக் கொல்லப்பட்ட சங்கர் ஒரு பொறியியல் மாணவர். அந்த ஊர்களிலிருந்துதான் நம் வகுப்புக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். யாரோடு பேசுகிறார்கள், எந்தக் கட்சிக் கூட்டத்துக்குப் போனார்கள், என்ன உடுத்துகிறார்கள் என்பதெல்லாம் கல்லூரி வீட்டுக்குச் சொல்ல வேண்டிய தகவலே இல்லை. அவர்கள் பெரும்பாலும் பதினெட்டு தாண்டியவர்கள். பெண்கள் ஹாஸ்டலில் ஆறரைக்குக் கேட் மூடியதும் வீட்டுக்கு மெசேஜ், ஆண்கள் ஹாஸ்டலில் பதினொன்றுக்கு வந்தாலும் கேள்வியில்லை என்றால் அதன் பெயர் பாதுகாப்பு அல்ல.

உயிர் சம்பந்தப்பட்டது வேறு. பிள்ளை சாப்பிடாமல் அறையிலேயே கிடக்கிறான், சாவு பற்றிப் பேசுகிறான் என்றால் தனியாக விடாமல் கூடவே ஒருவர் இருக்க வேண்டும், கவுன்சிலரைக் கூப்பிட வேண்டும், வீட்டுக்கும் சொல்ல வேண்டும். பிள்ளையிடம் சொல்லிவிட்டுச் சொல்ல வேண்டும். பயமே வீட்டைப் பற்றியது என்றால் வீட்டில் யாரிடம் சொல்லலாம் என்று அவனையே கேட்க வேண்டும். மனநல உதவிக்கான டெலிமானஸ் எண் 14416, பெற்றோரும் கூப்பிடலாம்.

அமெரிக்காவுக்குப் பிள்ளையை அனுப்பியவர்களுக்கு வேறு அனுபவம். அங்கே 1974-இல் வந்த சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்துவிட்டால் மார்க் விவரத்தின் மீதான உரிமை மாணவருடையது. சில விலக்குகள் உண்டு, ஆனாலும் ஃபீஸ் கட்டுகிறேன் என்பதற்காக மட்டும் அப்பா கேட்டவுடன் கொடுத்துவிட மாட்டார்கள். அதை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு மெசேஜும் ஒரு மணி நேரம் முன்பே மாணவருக்குப் போக வேண்டும். "அம்மா, இப்படி ஒரு மெசேஜ் வரும், நானே சொல்றேன்" என்று அவனே பேச அந்த ஒரு மணி நேரம் போதும்.

வெள்ளம், விபத்து, விஷச் சாப்பாடு என்று ஏதாவது நடந்தால் கல்லூரி முதலில் வாயை மூடிக்கொள்கிறது. அந்த இடைவெளியை வதந்தி நிரப்பும். அனுப்ப வேண்டியது நான்கே விஷயம்: என்ன நடந்தது, பிள்ளைகள் இப்போது எங்கே, யாரைக் கூப்பிடலாம், அடுத்த தகவல் எத்தனை மணிக்கு. இந்தக் கடைசி விஷயத்தை எழுதிவிட்டு அந்த நேரத்தில் 'புதிதாக ஒன்றுமில்லை' என்றாவது அனுப்பிவிட்டால், கேட்டில் கூட்டம் பாதியாகக் குறையும்.

கடைசியாக மோசடி போன்கள். "உங்க பையன் கஞ்சா கேஸ்ல மாட்டிக்கிட்டான், எஃப்.ஐ.ஆர். போடாம இருக்கணும்னா பணம் அனுப்புங்க" என்று போலீஸ் குரலில் வரும், பின்னால் ஒரு பையன் அழுவான். 'ஸ்காலர்ஷிப் ஆபீஸர்' என்று ஓ.டி.பி. கேட்டும் வரும். போனை வையுங்கள். பிள்ளையைக் கூப்பிடுங்கள், எடுக்கவில்லையென்றால் ரூம்மேட்டை, வார்டனை, ஆலோசகரை. இந்த மூன்று எண்ணையும் இன்றைக்கே ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டுங்கள், போனில் மட்டும் வைக்காதீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் கிரைம் உதவி எண் 1930.