மென்ட்டர் புத்தகத்தில் ஏறாத ஆவணி முகூர்த்தம்

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வருவதற்கு முந்தைய வாரம் எங்கள் இன்ஜினியரிங் காலேஜ் ஸ்டாஃப் ரூமை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஆளுக்கு இருபது மென்ட்டர் புத்தகம், அதாவது நம் பொறுப்பில் உள்ள ஒவ்வொரு மாணவரையும் சந்தித்துப் பேசியதை எழுதிவைக்கும் நோட்டு; நாலைந்து கலரில் பேனா. இரண்டு வருடச் சந்திப்புகள் ஒரே மதியத்தில் நடந்து முடிந்துவிடும். ‘நன்றாகப் படிக்க அறிவுறுத்தப்பட்டது’ என்று நானும்தான் எழுதினேன். பிள்ளைகள் வரிசையில் வந்து எட்டெட்டு இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். பெற்றோர் கையெழுத்தை யார் போட்டது என்று மட்டும் கேட்காதீர்கள்.

தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு விதி வகுக்கும் ஏஐசிடிஇயின் கணக்கு 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர். அதே கணக்கில் எனக்கும் இருபது பேர். சரி, பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அவர்களோடு உட்கார்ந்து பேச டைம்டேபிளில் ஒரு பீரியட் கிடையாது. எலெக்டிவ் என்கிற விருப்பப் பாடத்தை எடுக்கும் நாளில்கூட ‘எந்த சார் மார்க் போடுவார்’ என்று சீனியரிடம் கேட்டுத்தான் எடுக்கிறார்கள்.

என் வார்டு, அதாவது அந்த இருபது பேரில் ஒருவன், மூன்றாம் ஆண்டு. வருகை 68 சதவீதம். அண்ணா பல்கலைக்கழக விதிப்படி 75 வேண்டும். 65க்குக் குறையாமல் இருந்தால் மருத்துவச் சான்றிதழ் காட்டித் தப்பிக்கலாம். அதற்கும் கீழே போனால் அந்த செமஸ்டரையே மறுபடி படிக்க வேண்டியதுதான். ‘ஒரு மெடிக்கல் வாங்கிட்டு வந்துடு’ என்று சொல்லி அனுப்பத்தான் நினைத்தேன். வராத தேதிகள் என்னவோ உறுத்தின. சுவரில் தொங்கிய காலண்டரைத் தள்ளிப் பார்த்தேன். எல்லாம் ஆவணி முகூர்த்த நாள், அல்லது அதற்கு முந்தைய நாள்.

“கல்யாணப் பந்தியில பரிமாறப் போறியாடா?”

குனிந்த தலை நிமிரவில்லை. ராத்திரி ரிசப்ஷன், காலை டிபன், மதியச் சாப்பாடு வரை நின்றால் 900 ரூபாயாம். மெஸ் பாக்கி கட்டணும் சார் என்றான்.

அரசுப் பள்ளியில் படித்தவன். தமிழக அரசின் தமிழ்ப் புதல்வன் உதவித்தொகைத் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வந்திருக்க வேண்டும். வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்கவில்லை, அவ்வளவுதான். இது தெரிய நாற்பது நிமிடம் ஆனது, அதுவும் என் சாப்பாட்டு நேரத்தில். மூன்று வருடப் புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

வாரம் ஒரு பீரியட் ஒதுக்குங்கள், அதை எங்கள் வேலை நேரத்தில் சேருங்கள் என்று துறைக் கூட்டத்தில் கேட்டேன். கொடுத்துவிட்டார்கள். சனிக்கிழமை கடைசி பீரியட். காலேஜ் பஸ் அதற்குள் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிடும்.