இல்லாத பார்ட்டிஷனுக்காக ஒன்றரை நிமிடம்

லினக்ஸ் இயங்குதளம் உள்ள கணினியைத் தொடங்கினால் திரையில் ஒரு சின்னம், அதன் கீழே சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு வட்டம். என்ன நடக்கிறது, எங்கே நிற்கிறது, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒரு வார்த்தை கிடையாது. இதை வடிவமைத்தவர்களின் கணினி ஒருநாள்கூடத் தாமதமாக எழுந்திருக்காது என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன்.

என் மடிக்கணினியின் பேட்டரி செத்துப் பல காலம் ஆகிறது. மின்சாரம் ஒரு நொடி போய் வந்தால் போதும், எல்லாம் முதலிலிருந்து. ஒழுங்காக எழுந்துகொண்டிருந்த லினக்ஸ், திடீரென்று ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடத்துக்கு மேல் இழுக்க ஆரம்பித்தால் வயிறு எரியுமா, எரியாதா?

இதை வெளியே சொன்னால் கிடைக்கும் முதல் பதில், "எஸ்எஸ்டி வாங்கிப் போடுங்கள்." சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க் அது. நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும் பழைய ஹார்ட் டிஸ்க்தான் என்னுடையது, மறுக்கவில்லை. ஆனால் முன்பு எழுந்ததும் இதே டிஸ்க்கில்தானே? டிஸ்க் மெதுவாக இருந்தால் அதன் விளக்கு விடாமல் மின்ன வேண்டும். இங்கேயோ வட்டம் சுற்றும் நேரம் முழுவதும் விளக்கு அணைந்தே கிடக்கிறது. டிஸ்க்கை யாரும் தொடவே இல்லை. கணினி எதற்காகவோ சும்மா காத்துக்கொண்டிருக்கிறது. இதை எடுத்துச் சொன்னாலும் மறுபடி எஸ்எஸ்டி, எந்த அளவு, எந்தக் கடை, என்ன தள்ளுபடி!

அடுத்த கூட்டம் இன்னும் ஆபத்தானது. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் 'சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்' கட்டளையை ஓட்டச் சொல்வார்கள். தொடக்கத்தில் சேவைகளை, அதாவது பின்னணி நிரல்களை, எழுப்பிவிடுவது சிஸ்டம்டி. எந்தச் சேவை எத்தனை நொடி எடுத்தது என்று பெரியதிலிருந்து சிறியதாக ஒரு பட்டியல் வரும். உச்சியில் இருப்பதை எல்லாம் நிறுத்திவிடுங்கள் என்பார்கள். என் பட்டியலின் உச்சியில் இருந்தது 'பிளைமவுத்-குவிட்-வெயிட்'. அதன் வேலை என்ன தெரியுமா? அந்தச் சுற்றும் படம் முடியும்வரை காத்திருப்பது, அவ்வளவுதான். மற்றவர்கள் தாமதித்தால் அதன் கணக்கில் நொடிகள் ஏறும். அதற்குக் கீழே 'நெட்வொர்க்மேனேஜர்-வெயிட்-ஆன்லைன்'. இணைப்பு வரும்வரை காத்திருக்கும் சேவை அது. இணைப்பு தேவைப்படும் சேவைகள்தான் அதற்காக நிற்கும், மற்றவை தம் வழியில் போய்க்கொண்டிருக்கும். அதைக் கண்ணை மூடிக்கொண்டு முடக்கினால், நெட்வொர்க்கில் உள்ள கோப்புறையைத் தொடக்கத்திலேயே இணைப்பவர்களுக்குத்தான் தலைவலி. ஒரு சேவை இன்னொன்றுக்காகக் காத்திருந்ததாலேயே மெதுவாகத் தெரியலாம், இந்தக் கணக்கை அப்படியே நம்பாதீர்கள் என்று அந்தக் கட்டளையின் கையேடே எச்சரிக்கிறது. யார் படிக்கிறார்கள்?

உண்மையான குற்றவாளி அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை என்பதுதான் கொடுமை. வராமலே போன சாதனம் தொடங்கவே இல்லை. தொடங்காததற்கு ஏது நேரக்கணக்கு?

'பிளேம்' என்ற சொல் இல்லாமல் வெறும் 'சிஸ்டம்டி-அனலைஸ்' ஓட்டினால் மொத்தக் கணக்கு வரும். இயங்குதளத்தின் கருவான கெர்னலுக்கு முப்பது நொடிக்கு மேல், அதற்குப் பிறகு ஒன்றரை நிமிடத்துக்கு மேல். அந்த இரண்டு எண்களும் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பின. நிஜமான தாமதம் இப்படி முப்பது, தொண்ணூறு என்று கணக்காக வராது. யாரோ கடிகாரம் வைத்துக் காத்திருந்தால்தான் இப்படி வரும்.

பிறகு, எந்த இயங்குதளத்தைத் தொடங்குவது என்று கேட்கும் கிரப் மெனுவில் 'இ' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் இருந்த 'குவயட்', 'ஸ்பிளாஷ்' என்ற இரண்டு சொற்களை அழித்துவிட்டுத் தொடங்கினேன். படம் ஒழிந்தது. கறுப்புத் திரையில் சிவப்பு நட்சத்திரக் குறிகள் இப்படியும் அப்படியும் ஓட, பக்கத்தில் ஒரு வரி: இன்ன அடையாள எண் கொண்ட டிஸ்க்குக்காகப் பணி நடந்துகொண்டிருக்கிறது, 52 நொடி, 1 நிமிடம் 30 நொடியில். இவ்வளவு தெளிவாக, வரம்போடு, நொடிக்கு நொடி சொல்லத் தெரிந்த கணினியின் வாயை ஒரு படத்தை ஒட்டி அடைத்து வைத்திருக்கிறார்கள்! படம் ஓடும்போது எஸ்கேப் விசையை அழுத்தினாலும் இந்த வரியைப் பார்க்கலாம். அதையாவது எங்காவது ஓர் ஓரத்தில் எழுதி வைத்தார்களா?

டிஸ்க்கின் பிரிவுகளான பார்ட்டிஷன்களின் அடையாள எண்களைக் காட்டும் 'பிஎல்கேஐடி' கட்டளையில் அந்த எண்ணைத் தேடினால், அப்படி ஒரு பார்ட்டிஷனே கணினியில் இல்லை. நினைவகம் போதாதபோது உதவும் ஸ்வாப் பார்ட்டிஷன் இருக்கிறது, ஆனால் அதன் அடையாள எண் வேறு. சங்கதி என்னவென்றால், பக்கத்திலேயே இன்னொரு லினக்ஸ் வகையை நிறுவியிருந்தேன். அதன் நிறுவி, ஏற்கெனவே இருந்த ஸ்வாப்பைப் பொதுவில் பயன்படுத்துகிறேன் என்று எடுத்துக்கொண்டு, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அதைப் புதிதாக ஃபார்மட் செய்துவிட்டது. ஸ்வாப்பை ஃபார்மட் செய்தால் புது யூயூஐடி, அதாவது அடையாள எண், பிறக்கும். தொடக்கத்தில் இணைக்க வேண்டிய பார்ட்டிஷன்களைப் பட்டியலிடும், பழைய லினக்ஸின் 'எஃப்எஸ்டேப்' கோப்பிலோ பழைய எண்ணே இருக்கிறது. செத்துப்போனவருக்கு இலை போட்டுவிட்டு, அவர் வந்து உட்காரும்வரை பந்தியில் யாருக்கும் சோறு கிடையாது என்று நிறுத்தி வைத்த கதை. சிஸ்டம்டியின் இயல்பான காத்திருப்பு 90 நொடி. ஸ்வாப் என்பதால் அதன் பிறகு போனால் போகிறது என்று மேலே நகர்ந்தது. சாதாரணப் பார்ட்டிஷனோ, கழற்றி வைத்த யூஎஸ்பி டிஸ்க்கோ 'நோஃபெயில்' (வராவிட்டாலும் பரவாயில்லை) என்ற குறிப்பு இல்லாமல் அந்தக் கோப்பில் இருந்திருந்தால், அவசரநிலைத் திரையில் கொண்டுபோய்த் தள்ளி ரூட் என்ற நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல் கேட்டிருக்கும்.

எண்ணை மாற்றினேன், ஒன்றரை நிமிடம் ஒழிந்தது. அந்த முப்பது நொடி மட்டும் அப்படியே நின்றது. கெர்னல் கணக்கில் இருந்ததால் உடனே, "கெர்னலை மாற்றுங்கள்" என்றார் ஒரு மேதாவி. கெர்னல் பாவம், அதற்கு இதில் பங்கே இல்லை. டெபியன், உபுண்டுவின் முந்தைய பதிப்புகள் போன்ற லினக்ஸ் வகைகளில் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்ற ஆரம்பக் கட்டத்தின் நேரமும் கெர்னலின் தலையில்தான் ஏறும். உறக்கநிலையிலிருந்து மீள்வதற்காக அது ஸ்வாப்பைத் தேடும், அதற்கென்று 'ரெஸ்யூம்' என்று தனியாக ஒரு கோப்பு உண்டு. அதிலும் அதே செத்துப்போன எண்! ஒரே எண்ணை இரண்டு இடத்தில் எழுதி வைப்பார்களாம், ஒன்றில் மாற்றினால் இன்னொன்றுக்குத் தெரியாதாம். அதையும் திருத்தி 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்' ஓட்டிய பிறகுதான் கணினி பழையபடி எழுந்தது.

யூஎஸ்பி டிஸ்க்குகளும் நெட்வொர்க் டிஸ்க்குகளும் தாமதமாக வரலாம், அதனால் காத்திருக்கத்தான் வேண்டும் என்று ஞாயம் பேசுவார்கள். காத்திருக்கட்டும், யார் வேண்டாம் என்றது? பத்து நொடிக்கு மேல் போனால் அந்த வட்டத்துக்குக் கீழே, "இன்ன டிஸ்க் வரவில்லை, 90 நொடி பார்ப்பேன்" என்று ஒரு வரி காட்ட என்ன கேடு? அந்த வரி ஏற்கெனவே எழுதப்பட்டுத் தயாராக இருக்கிறது. படத்துக்குப் பின்னால்!